நான்கு ரிங் ஃபிரேம்களும் ஒரு கேள்வியும்: கட்டுப்பாட்டு வரைபடம் ஓர் எளிய அறிமுகம்

நூற்பாலையில் ஒரே பஞ்சுக் கலவையிலிருந்து, ஒரே ரிங் ஃபிரேமில் (நூல் நூற்கும் எந்திரத்தில்), ஒரே ஷிப்டில் நூற்ற ஐந்து பாபின்களை எடுத்து அவற்றின் கவுண்ட்டை, அதாவது நூலின் மெலிவைக் காட்டும் எண்ணைச் சோதித்தால் ஐந்து வெவ்வேறு எண்கள் கிடைக்கும். எந்திரம் 40 கவுண்ட் நூலுக்கென அமைக்கப்பட்டிருந்தாலும் ஒரு பாபின் 39.4 என்றும் இன்னொன்று 40.7 என்றும் காட்டும். பஞ்சு இழைகளின் நீளமும் தடிமனும் இயற்கையிலேயே ஒன்றுபோல் இருப்பதில்லை; உருளைகளின் அழுத்தமும் கதிருக்குக் கதிர் (பாபினைச் சுழற்றும் தண்டு) சற்று வேறுபடும். ஆகவே எண்கள் வேறுபடுவது இயல்புதான். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர் ஒவ்வொரு ஷிப்டிலும் விடை சொல்ல வேண்டிய கேள்வி வேறு: இன்று தெரியும் வேறுபாடு எப்போதும் இருந்துவருவதுதானா, அல்லது நேற்றுவரை இல்லாத ஏதோ ஒன்று உற்பத்தியில் புகுந்துவிட்டதா? கட்டுப்பாட்டு வரைபடம் இந்த ஒரு கேள்விக்காகவே உருவான கருவி.

கோயம்புத்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் வேலை செய்தவர்களுக்குக் கவுண்ட் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. நெசவாளர்கள் சிட்டம் என்று அழைக்கும் 840 கெஜ நூல், ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டங்கள் நிற்கிறதோ அதுவே அந்த நூலின் கவுண்ட். ஆகவே எண் கூடினால் நூல் மெலிவு, எண் குறைந்தால் தடிமன். சோதனைக்காக 120 கெஜம் நூலைச் சுற்றியெடுத்து எடைபோடுவார்கள். இந்த 120 கெஜத்துக்கு லீ என்று பெயர். 40 கவுண்ட் நூலில் ஒரு லீ ஏறத்தாழ 1.62 கிராம் இருக்கும். நூல் தடித்தால் வாங்குபவருக்கு ஒரு கிலோவில் கிடைக்கும் நீளம் குறைகிறது. மெலிந்தால் வலுக்குறைந்து அறுகிறது. தடித்ததும் மெலிந்ததும் கலந்து திருப்பூருக்குப் போனால் பின்னலாடைத் துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது.

இனி வரைபடத்துக்கு வருவோம். அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் ஆலை தொலைபேசிக் கருவிகளைத் தயாரித்து வந்தது. அந்த நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் வால்டர் ஷூஹார்ட், 1924 மே 16 அன்று தம் மேலதிகாரிக்கு ஒரு பக்க அளவில் எழுதிய குறிப்பில்தான் முதல் கட்டுப்பாட்டு வரைபடம் இடம்பெற்றது. வேறுபாடுகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல என்பதே அவருடைய அடிப்படைக் கருத்து. ஆயிரம் சிறு காரணங்கள் சேர்ந்து எப்போதும் உண்டாக்கும் வேறுபாடு ஒரு வகை. இதற்கு வாய்ப்புக் காரணங்கள் என்று பெயர். தேடினால் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு காரணத்தால் வருவது மற்றொரு வகை. தவறான பாபினை ஏற்றியது, தேய்ந்த உருளை, மாறிப்போன பினியன் (நூல் எவ்வளவு மெலிய வேண்டும் என்பதை அமைக்கும் சிறு பற்சக்கரம்) போன்றவை இதில் சேரும். இவற்றைக் கண்டறியத்தக்க காரணங்கள் என்பர். முதல் வகை மட்டுமே இருக்கும் உற்பத்தியை நிலையான உற்பத்தி என்கிறோம். நிலையானது என்றால் நல்லது என்று பொருளில்லை. நாளைக்கு என்ன வரும் என்பதை ஓர் எல்லைக்குள் முன்கூட்டியே சொல்ல முடியும் என்பதே பொருள்.

இந்தக் கருத்து இந்தியாவுக்கு வந்ததிலும் ஷூஹார்ட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பி. சி. மகலனோபிஸின் அழைப்பை ஏற்று அவர் 1947–48இல் இந்தியாவுக்கு வந்து தொழில் நகரங்களில் பயணம் செய்தார்.

கணக்கு எளிதானது, நான்கு செயல்களும் ஓர் அட்டவணையும் தெரிந்தால் போதும். எடுத்துக்காட்டுக்காக ஒரு ரிங் ஃபிரேமை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த ஒரே எந்திரத்திலிருந்து ஐந்து பாபின்களை எடுத்து, ஐந்தின் சராசரிக் கவுண்ட்டையும், ஐந்தில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வரும் வீச்சையும் குறிக்கிறோம். இப்படி 25 ஷிப்டுகள் குறித்தபின், 25 சராசரிகளின் சராசரி 40.1 என்றும் 25 வீச்சுகளின் சராசரி 1.5 என்றும் கிடைத்ததாகக் கொள்வோம். ஐந்து ஐந்தாக எடுக்கும் மாதிரிக்கு அட்டவணை தரும் பெருக்கெண் 0.577. அதை 1.5ஆல் பெருக்கினால் 0.87. ஆகவே சராசரி வரைபடத்தின் நடுக்கோடு 40.1, மேல் கட்டுப்பாட்டு எல்லை 40.97, கீழ் எல்லை 39.23. வீச்சு வரைபடத்துக்கான பெருக்கெண் 2.114, அதன் மேல் எல்லை 3.17. ஐந்து பாபின் மாதிரிக்கு வீச்சின் கீழ் எல்லை சுழியம்தான். இனி வரும் ஒவ்வொரு ஷிப்டின் சராசரியையும் வீச்சையும் இந்தக் கோடுகளுக்கு இடையே புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். அந்த 25 ஷிப்டுகளிலேயே ஏதேனும் ஒரு புள்ளி எல்லைக்கு வெளியே இருந்தால், அதற்கான காரணம் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டிருந்தால் மட்டும் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு எல்லைகளை மீண்டும் கணக்கிடலாம். பார்க்க அழகாக இல்லை என்பதற்காகப் புள்ளியை நீக்கினால் வரைபடம் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

அட்டவணைப் பெருக்கெண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தோன்றும். எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகும் என்பதன் அளவைத் திட்ட விலக்கம் என்பர். எல்லைகள் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் அமைகின்றன. அந்தத் திட்ட விலக்கத்தை வீச்சிலிருந்தே மதிப்பிடும் சுருக்குவழிதான் 0.577. நம் எடுத்துக்காட்டில் தனித்தனிப் பாபின்களின் திட்ட விலக்கம் 1.5ஐ 2.326ஆல் வகுத்தால் வரும் 0.645, ஐந்தின் சராசரிக்கு அது 0.29 ஆகக் குறைகிறது. அதன் மும்மடங்கே 0.87. ஏன் இரண்டு அல்ல, நான்கு அல்ல, மூன்று? நிலையாக ஓடும் எந்திரத்திலும் வெறும் வாய்ப்பால் ஒரு புள்ளி வெளியே விழக்கூடும். மூன்று மடங்கில் அது சராசரியாக 370 புள்ளிகளுக்கு ஒருமுறை நேரும். வீணாகத் தேடும் செலவும், உண்மையான கோளாற்றைத் தவறவிடும் செலவும் நடைமுறையில் சமநிலை கொள்ளும் இடமாக ஷூஹார்ட் இதைத் தேர்ந்தார்.

இரண்டு வரைபடங்கள் எதற்கு என்பதை நூற்பாலை நன்றாகக் காட்டுகிறது. ஐந்து பாபின்களில் ஒன்றுக்கு மட்டும் வேறு தடிமனுள்ள ரோவிங் (நூலாக இழுக்கப்படும் தடித்த பஞ்சுத் திரி) தவறுதலாக ஏற்றப்பட்டிருந்தால், ஐந்தின் சராசரி கொஞ்சமே நகரும், ஆனால் வீச்சு சட்டென்று உயரும். எந்திரத்தின் டிராஃப்ட்டை, அதாவது பஞ்சுத் திரியை இழுத்து மெலிதாக்கும் அளவை, அமைக்கும் பினியன் மாறிப்போயிருந்தால் ஐந்தும் ஒன்றாக நகரும்; வீச்சு அப்படியே இருக்க, சராசரி மட்டும் எல்லையைக் கடக்கும். ஆக, எந்த வரைபடம் குரல் கொடுக்கிறது என்பதைப் பார்த்தாலே ஃபிட்டர் ஒரு கதிரைத் தேட வேண்டுமா, முழு எந்திரத்தையும் பார்க்க வேண்டுமா என்பது தெரிந்துவிடுகிறது. இதனால்தான் வீச்சு வரைபடத்தை முதலில் படிக்க வேண்டும் என்கிறார்கள். வீச்சு நிலையாக இல்லாதபோது அதிலிருந்து கணக்கிட்ட சராசரி எல்லைகளுக்கும் மதிப்பில்லை.

மாதிரியில் யாரைச் சேர்ப்பது?

புதிதாகத் தொடங்குபவர்கள் கணக்கில் தவறுவது அரிது. தவறுவதெல்லாம் மாதிரி எடுப்பதில்தான். இதை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பல எந்திரங்கள் ஓடும் ஆலையில் வரைபடத்தின் பயன் முழுவதும் இதைச் சார்ந்தே நிற்கிறது.

ஒரே 40 கவுண்ட்டை நூற்கும் நான்கு ரிங் ஃபிரேம்கள் இருக்கின்றன என்று கொள்வோம். ஷிப்டுக்கு எந்திரத்துக்கு ஐந்து வீதம் இருபது பாபின்களைச் சோதிப்பது மிகுதியான வேலை என்று கருதி, எந்திரத்துக்கு ஒன்றாக நான்கு பாபின்களை எடுத்து, அந்த நான்கையும் ஒரு மாதிரியாக்கி ஒரே வரைபடத்தில் இடுவது நியாயமாகவே தோன்றும். நான்கு எந்திரங்களுக்கும் பிரதிநிதித்துவம் கிடைத்துவிட்டதே என்ற நிறைவும் வரும். ஆனால் நான்கின் இயல்பான சராசரிகள் 39.2, 39.8, 40.4, 41.0 என்று இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு மாதிரியிலும் முதல் எந்திரத்தின் பாபினும் நான்காம் எந்திரத்தின் பாபினும் சேர்ந்தே இருப்பதால் வீச்சு எப்போதும் பெரிதாக இருக்கும்; சராசரி வீச்சு 2ஐத் தாண்டிவிடும். 2.2 என்று கொண்டால், நான்கு பாபின் மாதிரிக்கான பெருக்கெண் 0.729ஆல் பெருக்க, எல்லைகள் இருபுறமும் 1.6 தொலைவுக்குப் போய்விடும். நான்கின் சராசரியோ ஷிப்டுக்கு ஷிப்ட் மிகக் கொஞ்சமே ஆடும். புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியபடி, எந்தச் சலனமும் இன்றி, மிக அழகாக ஓடும்.

அந்த அழகுதான் ஆபத்து. இந்த நான்கில் ஓர் எந்திரம் திடீரென 1.5 கவுண்ட் விலகிப்போனாலும் நான்கின் சராசரி 0.375 மட்டுமே நகரும், 1.6 தொலைவில் இருக்கும் எல்லைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. எந்திரங்களுக்கு இடையே ஏற்கனவே இருக்கும் வேறுபாடு, உடனே கண்டுபிடிக்க வேண்டிய புதிய வேறுபாட்டுக்குத் திரை போட்டுவிடுகிறது. தொடர்ந்து பதினைந்து புள்ளிகள் நடுக்கோட்டுக்கும் எல்லைக்கும் இடைப்பட்ட தூரத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே அடங்கிக் கிடந்தால், உற்பத்தி அருமையாக இருக்கிறது என்று மகிழாமல், மாதிரியில் எதையெதைக் கலந்திருக்கிறோம் என்று கேட்க வேண்டும் என்பது பழைய விதி. மாதிரிக்குள் இருக்கும் வேறுபாடுதான் அளவுகோல். அந்த அளவுகோலுக்குள் வாய்ப்புக் காரணங்களை மட்டுமே அனுமதிக்க வேண்டும். எந்திரம், கதிர், ஷிப்ட், பஞ்சுக் கலவை என எதை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறோமோ அது மாதிரிகளுக்கு இடையே வரவேண்டும்.

ஆகவே ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மாதிரி, தனி வரைபடம், அதன் சொந்த நடுக்கோடு, சொந்த எல்லைகள். சோதனைக்கூடத்துக்கு ஆள் போதவில்லை என்றால் எந்திரத்துக்கு ஒரு ஷிப்ட் விட்டு ஒரு ஷிப்ட் சோதிக்கலாம். கலப்பதை விட அது மேல். நான்கு வரைபடங்களின் நடுக்கோடுகள் வேறு வேறாக இருப்பதே முதல் கண்டுபிடிப்பு ஆகும். 39.2இலும் 41.0இலும் நிலையாக ஓடும் இரண்டு எந்திரங்களும் தனித்தனியே கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டின் பாபின்களும் ஒரே பெட்டியில் போனால் துணியில் பட்டை விழாமல் இருக்காது. இதைச் சரிசெய்வது ஷிப்ட் மேஸ்திரியின் வேலை அன்று; நான்கு எந்திரங்களின் அமைப்பையும் ஒருமுறை உட்கார்ந்து சமன்படுத்த வேண்டிய நிர்வாகத்தின் வேலை.

எல்லையும் வரம்பும்

வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளும் தர வரம்பு வேறு, கட்டுப்பாட்டு எல்லை வேறு. முதலாவது வாங்குபவர் கேட்பது. இரண்டாவது எந்திரம் தன் இயல்பைச் சொல்வது. தர வரம்பு ஒவ்வொரு பாபினுக்கும் உரியது, நம் எல்லைகளோ ஐந்தின் சராசரிக்கு உரியவை. இரண்டையும் ஒரே தாளில் வரைந்துவிட்டால், சராசரி வரம்புக்குள் இருக்கிறதே என்று நிம்மதி கொண்டு, வரம்பு தாண்டிய தனிப் பாபின்களை அனுப்பிவிடுவோம். நம் எடுத்துக்காட்டில் தனிப் பாபின்கள் 40.1லிருந்து இருபுறமும் 0.645இன் மும்மடங்கு, அதாவது ஏறத்தாழ 38.2 முதல் 42.0 வரை பரவும். வாடிக்கையாளர் 39 முதல் 41 வரைதான் கேட்கிறார் என்றால், வரைபடத்தில் ஒரு புள்ளிகூட வெளியே போகாமலேயே குறைபாடுள்ள நூல் நாள்தோறும் வந்துகொண்டிருக்கும். அங்கே தேட வேண்டியது ஷிப்டில் நடந்த தவறை அன்று. நூற்புக்கு முந்தைய கட்டங்களில், அதாவது பஞ்சுத் திரிகளை இழுத்துச் சீராக்கும் டிரா ஃபிரேமில், இழைகளைச் சீவிப் பிரிக்கும் கார்டிங்கில், பஞ்சுத் தேர்வில் அடிப்படை மாற்றம் தேவைப்படுகிறது.

இதன் மறுபக்கம்தான் ஆலைகளில் அதிகம் நடப்பது. ஒரு சோதனையில் 40.4 வந்தது, சற்று மெலிவாக இருக்கிறது, பினியனில் ஒரு பல்லை மாற்றிவிடு என்கிறார் பொறுப்பாளர். நல்ல எண்ணத்தோடு செய்யும் செயல் இது. ஆனால் 50 பல் பினியனில் ஒரு பல் என்பது 2 சதவீதம், 40 கவுண்ட்டில் 0.8. இல்லாத 0.3 விலகலைத் திருத்த 0.8 அளவுள்ள உண்மையான விலகலை நாமே உண்டாக்குகிறோம். அடுத்த ஷிப்டில் எண் தடிமன் பக்கம் சாயும். மீண்டும் பல் மாறும். திரையில் எண்ணைத் திருத்தினாலே டிராஃப்ட் மாறிவிடும் புதிய எந்திரங்களில் இந்தச் சபலம் இன்னும் கூடுதல். நிலையாக ஓடும் ஓர் எந்திரத்தை ஒவ்வொரு சோதனை முடிவுக்கும் எதிராக அதே அளவு திருத்திக்கொண்டே போனால் திட்ட விலக்கம் ஏறத்தாழ 41 சதவீதம் கூடிவிடும் என்பது கணித உண்மை. புள்ளி எல்லைக்குள் இருக்கும்போது கை வைக்காதே என்று வரைபடம் சொல்வது, எல்லைக்கு வெளியே போகும்போது ஓடிப்போய்ப் பார் என்று சொல்வதற்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. என் கணிப்பில் ஆலைக்கு அதிகப் பணம் மிச்சப்படுத்தித் தருவது இந்த முதல் பாதிதான்.

எல்லைக்குள்ளேயே இருந்தாலும் ஒழுங்கான வடிவம் தெரிந்தால் அதுவும் அடையாளமே. 1950களில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் வகுத்த நான்கு விதிகளில் எளியது, தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால் காரணம் தேட வேண்டும் என்பது. அந்த விதிகள் நான்கையும் ஒன்றாகச் சேர்த்தால் சிறு நகர்வுகள் விரைவில் பிடிபடும். ஆனால் வீண் எச்சரிக்கை 370க்கு ஒன்று என்பதிலிருந்து ஏறத்தாழ 92க்கு ஒன்று என்றாகிவிடும். ஒரே வரைபடம் இருந்தால் இது பெரிதில்லை. 40 ரிங் ஃபிரேம்களுக்கு மூன்று ஷிப்டுகளில் நாளைக்கு 120 சராசரிப் புள்ளிகள் விழும் ஆலையில், மூன்று திட்ட விலக்க எல்லை மட்டும் வைத்தால் மூன்று நாளுக்கு ஒரு வீண் எச்சரிக்கை. நான்கு விதிகளையும் வைத்தால் ஒவ்வொரு நாளும் ஒன்றுக்கு மேல். காரணமில்லாமல் பத்து முறை தேடிய ஃபிட்டர் பதினோராம் முறை தேட மாட்டார். பல எந்திரங்கள் உள்ள இடத்தில் எல்லை விதியோடு எட்டுப் புள்ளி விதியை மட்டும் சேர்த்துத் தொடங்குவது போதும் என்பது என் கருத்து.

எண்ணிப் பார்க்கும் விஷயங்களுக்கு வேறு வகை வரைபடம் உண்டு. ஒரு ரிங் ஃபிரேமில் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 9 இழைகள் அறுகின்றன என்றால், அதன் வர்க்கமூலம் 3, மும்மடங்கு 9. எல்லைகள் சுழியமும் 18உம். கணக்கு அவ்வளவுதான். மாதிரி எடுப்பதில் மேலே சொன்ன எச்சரிக்கை இங்கும் அப்படியே பொருந்தும்.

நான்கு வரைபடங்களையும் ஒரே கால அளவில், ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுவரில் ஒட்டிவைத்தால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கிறது. மூன்றாம் எந்திரத்தில் மட்டும் புள்ளி விலகினால் காரணம் மூன்றாம் எந்திரத்திலேயே இருக்கும். நான்கிலும் ஒரே ஷிப்டில் புள்ளிகள் ஒரே பக்கம் சாய்ந்தால் காரணம் நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கும். நான்கு பினியன்கள் ஒரே இரவில் தாமாக மாறுவதில்லை. இத்தகைய பொதுக் காரணம் பெரும்பாலும் சிறியதாகவே வரும் என்பதுதான் சிக்கல். பஞ்சு நூல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சோதனைக்கூடத்தில் 65 சதவீத ஈரப்பதமும் 27 டிகிரி வெப்பமும் இருக்க வேண்டும் என்று வகுத்திருப்பது அதனால்தான். ஈரத்தால் லீயின் எடை 1 சதவீதம் கூடினால் 40 கவுண்ட் நூல் 39.6 என்று காட்டும். 0.4 அளவுள்ள அந்தச் சரிவு, 0.87 தொலைவில் எல்லை வைத்திருக்கும் எந்தத் தனி வரைபடத்திலும் பெரும்பாலும் வெளியே போகாது.

இங்கேதான் முன்பு வேண்டாம் என்று ஒதுக்கிய நான்கின் சராசரி திரும்ப வந்து உதவுகிறது. ஒவ்வொரு எந்திரமும் தன் சொந்த நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை எடுத்து, அந்த நான்கு விலகல்களின் சராசரியை ஐந்தாவது வரைபடமாக இடலாம். நான்கு எந்திரங்களும் ஒன்றையொன்று சாராமல் ஆடினால் இதன் எல்லை 0.87இல் பாதியாக, 0.43 அளவில் அமையும்; 0.4 சரிவு அந்த எல்லையை ஏறத்தாழத் தொட்டுவிடும். உண்மையில் நான்கும் ஒரே டிரா ஃபிரேமின் ஸ்லைவரை (அதிலிருந்து வரும் பஞ்சுத் திரியை) உண்பதால் சிறிது சேர்ந்தே ஆடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆகவே இந்த ஐந்தாவது வரைபடத்துக்கு மட்டும் அடுத்தடுத்த ஷிப்டுகளின் வித்தியாசங்களை எடுத்து, அவற்றின் சராசரியை 2.66ஆல் பெருக்கி எல்லை வைப்பதே சரியான முறை. இந்த வரைபடத்தால் தனி எந்திரத்தின் கோளாற்றைக் காட்ட முடியாது. அதைக் காட்டத்தான் மேலே நான்கு இருக்கின்றனவே.

ஐந்தாவது வரைபடத்தில் புள்ளி வெளியே போனால் ரிங் ஃபிரேம் பக்கம் யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. முதலில் தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சோதனைக்கூடத்தின் ஈரப்பதம். பிறகு டிரா ஃபிரேமின் ஸ்லைவர் எடை. கடைசியாகப் பஞ்சுக் கலவை எந்த மணிக்கு மாறியது என்ற பதிவு. கண்டது எதுவாயினும் அதை அந்தப் புள்ளிக்கு அருகிலேயே, தேதியோடு, வரைபடத் தாளிலேயே எழுதிவிட வேண்டும். அடுத்த முறை நான்கும் ஒன்றாகச் சாயும்போது இரவு ஷிப்டில் இருப்பவர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான்.